ருப்புனுனிச் சவன்னாவில் கண்ட கிலுகிலுப்பை விரியன்: எந்தப் பெயரில் பதிவது?

சவன்னாத்தடம் (இழையைத் தொடங்கியவர்)

நில அளவைப் பணிக்காகச் சில மாதங்களாகக் கயானாவின் தென்மேற்கு மூலையில், ருப்புனுனிப் புல்வெளியில் உள்ள லெத்தம் என்னும் எல்லை ஊரில் தங்கியிருக்கிறேன். ஊரை ஒட்டி டக்குட்டு ஆறு ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் பிரேசிலின் ரொரைமா மாநிலம். சென்ற வாரம் அன்னாய் செல்லும் செம்மண் சாலையில், விடிந்தும் விடியாத நேரத்தில், வண்டி ஏறிச் செத்துக் கிடந்த கிலுகிலுப்பை விரியன் ஒன்றைக் கண்டோம். நடுவுடல் மட்டுமே நசுங்கியிருந்தது. தலையும் வாலும் முழுமையாக இருந்தன. வண்டி ஓட்டி வந்த மக்குஷி இனப் பெரியவர், செத்த பாம்பும் கடிக்கும் என்று சொல்லி, நீண்ட கழியால் அதன் தலையை அழுத்திப் பிடித்த பின்னரே என்னை அருகே விட்டார்.

வால் உட்பட நீளம் 118 செ.மீ. கிலுகிலுப்பையில் ஆறு வளையங்கள் இருந்தன, நுனி உடைந்திருந்தது. பழுப்பு கலந்த வைக்கோல் நிற உடலின் முதுகில், வெளிறிய ஓரம் கட்டிய சாய்சதுரங்கள் வரிசையாக அமைந்திருந்தன. தலைக்குப் பின்னால் இரண்டு கரும்பட்டைகள் கழுத்தின் மீது இணையாக ஓடி, தலையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தொலைவில் முடிந்தன. வால் ஒரே சீரான கருஞ்சாம்பல் நிறம். முதுகெலும்பின் மேல் கூரை முகடு போல ஒரு மேடு தெரிந்தது.

என் ஐயம் இதுதான். கையில் உள்ள பட்டியல்களில் இந்தப் பகுதிப் பாம்புக்கு டூரிசஸ், ட்ரையினாஸ், ட்ரிகோனிகஸ், ருருய்மா என நான்கு பெயர்கள் இருக்கின்றன. பழைய கையேடு ஒன்றோ டெர்ரிஃபிகஸ் என்கிறது. ஒரே பாம்புக்கு ஐந்து பெயர்கள் எப்படி வந்தன, பதிவேட்டில் எதை எழுதுவது?

புற்றடி

சிற்றினத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு வேலையே இல்லை. தென்னமெரிக்காவில் கிலுகிலுப்பை உள்ள பாம்பு ஒரே ஒரு சிற்றினம்தான்: குரோட்டலஸ் டூரிசஸ். குரோட்டலஸ் பேரினத்தின் சிற்றினங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலும் வாழ்கின்றன. தெற்கு நோக்கிப் பரவி அர்ஜென்டினா வரை சென்ற கிளை இது ஒன்றே. ஆகவே கொலம்பியாவிலோ பிரேசிலிலோ கயானாவிலோ வால் நுனியில் வளையங்களுடன் ஒரு பாம்பைக் கண்டால், செதில் எண்ணுவதற்கு முன்பே சிற்றினப் பெயரை எழுதிவிடலாம்.

இருந்தாலும் நீங்கள் சொன்ன அடையாளங்கள் பயனற்றவை அல்ல. கிலுகிலுப்பை உடைந்துபோன பாம்பையும் அவற்றைக்கொண்டு உறுதி செய்யலாம். கழுத்தின் இணைப்பட்டைகள், முதுகின் முகடு, வரிகளற்ற கரிய வால் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு ஐயம் வேண்டாம். வட அமெரிக்காவின் மேற்குச் சாய்சதுரக் கிலுகிலுப்பையான குரோட்டலஸ் அட்ராக்சுக்கு வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருக்கும். கழுத்துப் பட்டைகள் இரா. படத்தில் மூக்கின் மேற்பகுதியைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்ட முடியுமா?

சவன்னாத்தடம்

இணைத்திருக்கிறேன். மூக்குத் துளைகளுக்கு இடையே இரண்டு பெரிய செதில்களும், அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெரிய செதில்களும் தெளிவாகத் தெரிகின்றன. கண்களுக்கு இடையில் தொடங்கித் தலையின் பின்பகுதி முழுவதும் சிறு செதில்கள். நசுங்காத இடத்தில் நடுவுடலின் செதில் வரிசைகளை மூன்று முறை எண்ணினேன்: இரண்டு முறை 27, ஒரு முறை 28. மூன்றாவது எண்ணிக்கையில் நான்தான் தவறியிருக்க வேண்டும்.

புற்றடி

27 என்றே கொள்ளுங்கள். வரிசைகள் பெரும்பாலும் ஒற்றைப்படையாகவே அமையும், இச்சிற்றினத்தில் 27, 29 ஆகியவை வழக்கமாகக் காணப்படுபவை. மூக்கின் மேல் இரண்டிரண்டாக அமைந்த நான்கு பெரிய தகடுகள் இந்தக் கூட்டத்துக்கே உரிய அடையாளம். அட்ராக்சுக்கு அந்த இடத்தில் சிறு செதில்கள் பல இருக்கும்.

தாழைமடல்

இடையில் ஒரு சிறு கேள்வி. ஆறு வளையங்கள் என்றால் பாம்புக்கு ஆறு வயது என்று கொள்ளலாமா? சிறு வயதில் அப்படித்தான் படித்தேன்.

புற்றடி

கொள்ள முடியாது, அம்மா. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் சேர்கிறது. இரை நன்றாகக் கிடைக்கும் இளம் பாம்பு ஆண்டுக்குப் பலமுறை உரிக்கும். புதரிலும் கல்லிலும் உரசி நுனி வளையங்கள் உடைந்து விழுந்துகொண்டும் இருக்கும். பிறந்தபோது உண்டான முதற்பொத்தான் இன்னும் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே, இதுவரை எத்தனை முறை உரித்தது என்று சொல்லலாம். இந்தப் பாம்பில் நுனி உடைந்திருப்பதால் அதுவும் முடியாது.

ஏட்டுச்சுவடி

ஐந்து பெயர்கள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இது பாம்பின் குழப்பம் அன்று. பெயர் வைத்தவர்களின் குழப்பம்.

லின்னேயஸ் 1758இல் குரோட்டலஸ் பேரினத்தின்கீழ் மூன்று பெயர்களைத் தந்தார்: ஹொரிடஸ், ட்ரையினாஸ், டூரிசஸ். விளக்கங்கள் மிகச் சுருக்கமானவை. எந்தப் பெயர் எந்த நிலத்துப் பாம்புக்கு உரியது என்பதில் பின்வந்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தடுமாறினர். 19ஆம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றில் தென்னமெரிக்கப் பாம்பு ஹொரிடஸ் என்றும், அமெரிக்க ஐக்கிய நாட்டுக் காட்டுக் கிலுகிலுப்பை டூரிசஸ் என்றும், இன்றைய வழக்குக்கு நேர் எதிராகக் காணப்படும். லாரெண்டி 1768இல் வைத்த டெர்ரிஃபிகா என்னும் பெயரைப் பிற்காலத்தவர் தென்னமெரிக்கப் பாம்புக்கு ஏற்றுக்கொண்டனர். உங்கள் பழைய கையேட்டில் இருப்பது அதன் வழிவந்ததே. கிலுகிலுப்பைப் பாம்புகளை ஆய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட லாரன்ஸ் கிளாபரோ, டூரிசஸ் டூரிசஸ் (சிற்றினப் பெயரே துணைச்சிற்றினப் பெயராகவும்) என்னும் பெயரை நடு அமெரிக்கப் பாம்புக்கு வழங்கினார். அந்த வழக்கே பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இதைத் திருப்பிப் போட்டவர்கள் ஜொனத்தன் காம்ப்பெல்லும் வில்லியம் லமாரும். 2004இல் அவர்கள், டூரிசஸ் என்னும் பெயர் தென்னமெரிக்கப் பாம்புக்கே உரியது என்று கொண்டு, நடு அமெரிக்கப் பாம்பைத் தனிச் சிற்றினமாகப் பிரித்து, 1801இல் லத்ரேய் வைத்திருந்த சிமுஸ் என்னும் பெயரை அதற்கு மீட்டுக் கொடுத்தனர். கயானாப் பகுதியின் துணைச்சிற்றினம் அதுவரை ட்ரையினாஸ் எனப்பட்டது. இந்த மாற்றத்துக்குப் பிறகு அதுவே டூரிசஸ் டூரிசஸ் ஆயிற்று. எனவே உங்கள் ஐந்து பெயர்களில் டூரிசஸ், ட்ரையினாஸ் இரண்டும் வெவ்வேறு காலத்தில் ஒரே பாம்புக்கு ஒட்டிய சீட்டுகள்.

நடைமுறையில் இதிலுள்ள கண்ணி என்னவென்றால், 2004க்கு முந்தைய கட்டுரையில் 'குரோட்டலஸ் டூரிசஸ் டூரிசஸ்' என்று கண்டால் அது பெரும்பாலும் இன்றைய சிமுஸ். அதற்குப் பிந்தைய கட்டுரையில் அதே சொற்கள் கயானாப் பாம்பைக் குறிக்கும். நஞ்சு பற்றிய பழைய அட்டவணைகளைப் பெயரை மட்டும் பார்த்து எடுத்தாள்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பாம்பு பிடிபட்ட ஊர் எது என்பதைப் பார்த்த பிறகே அட்டவணையை நம்ப வேண்டும்.

மருந்துப்பெட்டி

ஏட்டுச்சுவடி அவர்கள் நஞ்சைத் தொட்டதால் ஒரு யோசனையை முன்வைக்கிறேன். நான் மருத்துவத் துறையில் இருப்பவன். இலங்கையின் வட பகுதியில் பாம்புக்கடி நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். பெயர்களைக் கொண்டு இவ்வளவு அல்லாடுவதை விட, நஞ்சின் தன்மையைக் கொண்டே இப்பாம்புகளைப் பிரித்தால் என்ன? தென்னமெரிக்கப் பாம்பு கடித்தால் கடிவாயில் வீக்கம் சிறிதாகவே இருக்கும். ஆனால் இமைகள் சரியும், பார்வை இரட்டிக்கும், உடல் முழுதும் தசைவலி எடுக்கும், சிறுநீர் கறுத்து இறங்கும், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கும். இவற்றுக்கு முதன்மைக் காரணம் குரோடாக்சின் என்னும் நச்சுப் புரதம். நடு அமெரிக்காவின் சிமுஸ் கடித்தாலோ வீக்கமும் குருதிக்கசிவும் மேலோங்குகின்றன. இவ்வளவு பெரிய வேறுபாடு கழுத்துப் பட்டையின் நீளத்தை விட உறுதியான அடையாளம் ஆகாதா?

வழலைக்காடு

ஐயா, உங்கள் வாதம் முதற்பார்வையில் வலுவானது. ஆனால் இரண்டு இடங்களில் உடைகிறது.

முதலாவது, சிமுஸ் பாம்பின் குட்டிகள். வளர்ந்த சிமுசின் நஞ்சில் குரோடாக்சின் மிகக் குறைவு. ஆனால் அதன் குட்டிகளின் நஞ்சில் அது மிகுதியாக உண்டு. வளர வளர அது குறைந்து, குருதிக்கசிவை உண்டாக்கும் நொதிகள் பெருகுகின்றன. தென்னமெரிக்கப் பாம்போ குட்டிப் பருவத்து நஞ்சை முதுமை வரை வைத்துக்கொள்கிறது. நஞ்சைக் கொண்டு சிற்றினம் பிரித்தால் சிமுசின் தாயும் குட்டியும் வெவ்வேறு சிற்றினம் ஆகிவிடும்.

இரண்டாவது, குரோடமின் என்னும் வேறொரு நச்சுப் புரதம். இதை ஊசி வழியே பெற்ற எலியின் பின்னங்கால்கள் விறைத்து நீண்டுவிடும். பிரேசிலில் ஒரே துணைச்சிற்றினம் என்று கருதப்படும் பாம்புகளிலேயே சில வட்டாரங்களில் இது உண்டு, சில வட்டாரங்களில் இல்லை. நஞ்சின் நிறங்கூட அப்படித்தான். ஒரே பகுதியின் பாம்புகள் சில வெள்ளை நஞ்சும் சில மஞ்சள் நஞ்சும் தருகின்றன.

ஆனால் மருத்துவத்துக்கு நஞ்சின் வேறுபாடே முதன்மையானது என்பதில் உங்களுடன் முழுவதும் உடன்படுகிறேன். சாவோ பாவுலோவின் புட்டாண்டன் நிறுவனம் 1901இல் உருவானபோது அதன் தலைவராக இருந்த விட்டால் பிரேசில், இதை நோயாளிகளை வைத்தே உணர்ந்தவர். நல்ல பாம்பின் நஞ்சைக் கொண்டு பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் உருவாக்கிய நச்சுமுறி மருந்து, பிரேசிலின் கிலுகிலுப்பைக் கடிக்கும் ஜராராக்கா என்னும் விரியனின் கடிக்கும் பயன்படவில்லை. எந்தப் பாம்புக்கு எந்த மருந்து என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று அவர் நிறுவினார். குரோடாக்சினை 1938இல் ஸ்லோட்டாவும் ஃபிரேங்கல்-கொன்ராட்டும் படிகமாகப் பிரித்ததும் அதே நிறுவனத்தில்தான்.

மருந்துப்பெட்டி

குட்டிகளைப் பற்றிய செய்தி எனக்குப் புதிது. வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்போது யோசித்தால், எங்கள் கண்ணாடி விரியனிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இலங்கையில் அது கடித்தவர்களுக்கு இமை சரிவதை அடிக்கடி பார்க்கிறோம். அதே சிற்றினம் வாழும் வேறு இடங்களில் அந்த அறிகுறி இந்த அளவுக்கு இல்லை. முன்பு இலங்கைப் பாம்பைப் புல்கெல்லா என்று தனித் துணைச்சிற்றினமாகவே வைத்திருந்தார்கள்.

வழலைக்காடு

மிகச் சரியான எடுத்துக்காட்டு. புள்ளிகளின் நிறத்தையும் அமைப்பையும் வைத்துக் கண்ணாடி விரியனுக்குப் பல துணைச்சிற்றினப் பெயர்கள் இருந்தன. 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு, மேற்கே ரஸ்ஸெல்லி, கிழக்கே சயாமென்சிஸ் என இரண்டு சிற்றினங்களை மட்டும் ஏற்றது. நிற வேறுபாடும் கடியின் அறிகுறிகளும் அந்தக் கிளைகளோடு ஒத்துப்போகவில்லை. கிலுகிலுப்பை விரியனிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது.

வொல்ஃப்காங் வூஸ்டரும் அவருடைய குழுவினரும் 2005இல் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். ஆழமான பிளவுகள் எல்லாம் மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் இருந்தன. அந்த வேறுபாட்டின் அடிப்படையில்தான் மெக்சிகோவின் மேற்குப் பக்கத்துக் குல்மினாட்டஸ், யுக்கட்டானின் ட்சாப்கான் ஆகியவை தனிச் சிற்றினங்களாயின. 2020இல் இன்னோர் ஆய்வு அதே கூட்டத்திலிருந்து எஹெகாட்ல், மிக்ட்லான்டெகுட்லி என்று அஸ்டெக் தெய்வங்களின் பெயரால் மேலும் இரண்டைப் பிரித்தது. இரண்டாவது பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. தென்னமெரிக்காவிலோ, கொலம்பியாவின் கரையிலிருந்து அர்ஜென்டினா வரை வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பரந்து விரைந்து பரவிய ஒரே சிற்றினம் என்பதையே அது காட்டுகிறது.

தாழைமடல்

அமேசான் மழைக்காட்டை அது எப்படித் தாண்டியது? வறண்ட புல்வெளிப் பாம்பு என்றல்லவா சொல்கிறீர்கள்?

வழலைக்காடு

இந்தக் கேள்வியே அந்த ஆய்வின் மையம். காட்டின் வடக்கே ருப்புனுனி, ரொரைமா போன்ற புல்வெளிகள், தெற்கே செராடோ என்னும் பிரேசிலியப் புல்வெளி. நடுவே இன்று இப்பாம்பால் வாழ முடியாத அடர்காடு. இரு பக்கத்துப் பாம்புகளும் மரபணுவில் நெருங்கியிருப்பதால், பிளைஸ்டோசீன் என்னும் பனியூழிக் காலத்தின் வறண்ட கட்டங்களில் காடு இடையிடையே விட்டுப்போய், புல்வெளிப் பாதை ஒன்று திறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அது கடலோரமாகவா நடு அமேசான் வழியாகவா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. 2007இல் வந்த தொடர் ஆய்வு நடுவழியின் பக்கம் சாய்ந்தது. அமேசான் கழிமுகத்தில் உள்ள மராஜோ தீவின் புல்வெளியிலும் இப்பாம்பு உண்டு.

இன்றும் இடைவெளிகள் இருக்கின்றன. கோஸ்டாரிகாவின் வறண்ட வடமேற்கில் சிமுஸ் நின்றுவிடுகிறது. பனாமாவில் கிலுகிலுப்பைப் பாம்பே இல்லை. கொலம்பியாவில் மீண்டும் தொடங்குகிறது.

சவன்னாத்தடம்

அப்படியானால் எஞ்சுவது இரண்டு பெயர்கள்: ட்ரிகோனிகஸ், ருருய்மா. லெத்தத்தில் நின்று பார்த்தால் ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே புல்வெளி. மணல்தாள் மரம் என்று இங்கே சொல்லும் அதே சொரசொரப்பான இலை மரங்கள். கோடையில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர்கூட இருப்பதில்லை. இக்கரைப் பாம்புக்கு ஒரு பெயரும் அக்கரைப் பாம்புக்கு வேறு பெயருமா?

ஏட்டுச்சுவடி

நீங்கள் நிலம் அளப்பவர். வேலி எங்கே என்று கேட்பது இயல்பே. ருருய்மாவைப் புட்டாண்டனில் பணிபுரிந்த அல்ஃபோன்சு ஹோகே 1966இல் ரொரைமாப் பாம்புகளுக்கு வைத்தார். மராஜோ தீவுப் பாம்புக்கும் அப்போதே பெயர் தந்தார். ட்ரிகோனிகஸ் என்பதை ஹாரிசும் சிம்மன்சும் 1978இல் கயானாவின் உள்நாட்டுப் புல்வெளிப் பாம்புக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் மரபணு ஒப்பீடு இல்லை. நிறம், கோலம், செதில் எண்ணிக்கை, பிடிபட்ட நாடு ஆகியவையே அளவுகோல்கள். இரண்டு பெயர்களும் இன்றும் பட்டியல்களில் நீடிக்கின்றன. ஆனால் தெற்கே கொல்லிலினியாட்டஸ், கஸ்காவெல்லா என்ற இரண்டு பெயர்களை 2005 ஆய்வு டெர்ரிஃபிகசுக்குள் அடக்கிவிட்டதைப் பார்க்கும்போது, டக்குட்டு ஆற்றை எல்லையாகக் கொண்ட இந்தப் பிரிவும் நெடுநாள் தாங்கும் என்று நான் நம்பவில்லை. இது என் கருத்து. முடிந்த முடிவு அன்று.

பழைய மாதிரிகளை மீண்டும் ஒப்பிடுவதும் முன்பு போல் எளிதன்று. 2010 மே மாதம் புட்டாண்டனின் சேகரிப்புக் கூடத்தில் தீப்பிடித்து, பல்லாயிரக்கணக்கான பாம்புகள் சாராயக் குப்பிகளோடு எரிந்து போயின. சாலையில் அடிபட்ட ஒரு பாம்புகூட இன்று மதிப்புடையதாவது அதனால்தான்.

காரைமுள்

எல்லாத் துணைச்சிற்றினப் பெயர்களையும் ஒழித்துவிடலாம் என்ற திசையில் பேச்சு போவதால் ஒரு மறுப்பு. அருபாத் தீவின் யூனிகலரை நினைத்துப் பாருங்கள். ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. முதுகுக் கோலம் ஏறத்தாழ மறைந்து, உடல் இளஞ்சிவப்பு கலந்த மணல் நிறமாக இருக்கும். முன்பு அதைத் தனிச் சிற்றினமாகவே வைத்திருந்தார்கள். வெனிசுவேலாவின் உராக்கோவா பகுதியில் வாழும் சிறிய வெக்ராண்டிசும் அவ்வாறே. மரபணு இரண்டையும் டூரிசசுக்குள் கொண்டுவந்தது, சரி. ஆனால் அருபாவில் மிஞ்சியிருப்பவை சிறிய நிலப்பரப்பில் அடங்கிவிடும். வளர்ப்போர் மூலம் அங்கே நுழைந்த போவா பாம்புகள் தீவு முழுதும் பெருகிவிட்டன. பெயரையும் எடுத்துவிட்டால், 'தென்னமெரிக்கா முழுதும் பரவலாக உள்ள பாம்பு' என்ற ஒரு வரிக்குள் அது காணாமல் போய்விடும்.

வழலைக்காடு

ஒப்புக்கொள்கிறேன். தனித்து ஒதுங்கிய தீவுக்கூட்டத்துக்குப் பெயர் இருப்பதில் பொருள் உண்டு. தொடர்ச்சியான புல்வெளியை ஆற்றின் நடுவில் அறுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. யூனிகலரையும் வெக்ராண்டிசையும் 2005 ஆய்வும் துணைச்சிற்றினங்களாக விட்டுவைத்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புற்றடி

சவன்னாத்தடம் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரை விட நீங்கள் எடுத்த அளவுகள்தான் பின்னால் பயன்படும். இடத்தின் ஆயத்தொலைவு, நாள், நீளம், செதில் வரிசை, கழுத்துப் பட்டையின் நீளம், வாலின் நிறம், தலையின் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படங்கள் ஆகியவை சேர்ந்தால் போதும். உடலை இன்னும் வைத்திருந்தால் உரிய அனுமதி இல்லாமல் அதில் எதையும் வெட்டி எடுக்க வேண்டாம். நாடு விட்டு நாடு கொண்டு செல்லவும் வேண்டாம்.

சவன்னாத்தடம்

உடலை அன்றே சாலையோரம் புதைத்துவிட்டோம். பெரியவர் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார். நச்சுப்பல் குத்தக்கூடாது என்பதற்காகத் தலையைத் தனியே ஆழமாக வைத்து, மேலே கல்லும் அடுக்கினார். பதிவேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'குரோட்டலஸ் டூரிசஸ். துணைச்சிற்றினம் எழுதப்படவில்லை, இவ்விடத்துப் பாம்பைச் சில பட்டியல்கள் ட்ரிகோனிகஸ் என்கின்றன. லெத்தம் - அன்னாய் சாலை. சாலையில் அடிபட்டது. நீளம் 118 செ.மீ., நடுவுடல் செதில் வரிசை 27 (ஒரு முறை 28 என எண்ணப்பட்டது), கிலுகிலுப்பை வளையங்கள் 6, நுனி உடைந்தது.'

28 என்பதை அடித்துவிடட்டுமா?

புற்றடி

வேண்டாம், இருக்கட்டும்.